எந்த மவுண்ட் வாங்கலாம்? மொட்டை மாடி வானாய்வகக் கேள்வி பதில்

வீட்டு மாடியில் நிலையாக ஒரு தொலைநோக்கி வைத்து, நெபுலாக்களையும் விண்மீன் திரள்களையும் படமெடுக்க விரும்பும் நண்பர்களின் கேள்விகள் கொஞ்ச நாளாகச் சேர்ந்துவிட்டன. எல்லாம் மவுண்டைப் பற்றியவை, அதாவது தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தின் நகர்வுக்கேற்பத் திருப்பும் அமைப்பைப் பற்றியவை. திருநெல்வேலியில் என் மாடியில் தூண் எழுப்பி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

அண்ணா, 8 அங்குல நியூட்டோனியன் குழாய் (ஆடி வைத்த தொலைநோக்கி) வாங்கிவிட்டேன். மீதமுள்ள பணத்துக்குள் ஒரு மவுண்ட் சொல்லுங்கள். (தஞ்சாவூர், கல்லூரி மாணவர்)

தம்பி, வரிசை மாறிவிட்டது. மவுண்டை வாங்கிய பிறகுதான் குழாயைத் தேட வேண்டும். வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் எத்தனை விகலையைப் பார்க்கிறது என்று முதலில் கணக்கிடுங்கள். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத் தொலைவை மில்லிமீட்டரில் எடுத்து வகுத்தால் கிடைத்துவிடும். 3.76 மைக்ரான் கேமராவை 400 மி.மீ. தொலைநோக்கியில் பொருத்தினால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 1.9 விகலை. அதே கேமராவை 2000 மி.மீ. குழாயில் வைத்தால் 0.39 விகலை. வானத்தைத் துரத்துவதில் மவுண்ட் செய்யும் பிழை முன்னதில் மன்னிக்கப்படும், பின்னதில் விண்மீனை அரிசி மணியாக நீட்டிவிடும்.

உங்களுடையது 1000 மி.மீ. குழாய். கேமரா, கைடு தொலைநோக்கி (ஒரு விண்மீனைக் கவனித்து மவுண்டின் பிழையை உடனுக்குடன் திருத்த உதவும் சிறு தொலைநோக்கி; இந்தத் திருத்தல்தான் கைடிங்), வளையங்கள் எல்லாம் சேர்ந்தால் 12 கிலோவை எட்டும். கண்ணால் பார்க்க மட்டும் என்றால் மவுண்டுக்குக் குறித்திருக்கும் எடை வரை ஏற்றலாம். படமெடுக்க அதில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே 20 கிலோ தாங்கும் ஸ்கை-வாட்ச்சர் ஈக்யூ6-ஆர் வகைக்குக் கீழே இறங்காதீர்கள். இப்போது பணம் போதவில்லையென்றால் குழாயை உறைபோட்டு வையுங்கள். ஒரு வருடம் காத்திருப்பது, தள்ளாடும் மவுண்டோடு மூன்று வருடம் போராடுவதைவிட மேல்.

வெளிநாட்டு காணொளிகளில் சொல்கிறபடியே பொருத்தியும் எதிர் எடை முக்காலியில் இடிக்கிறது. என் மவுண்டில் கோளாறா? (நாகர்கோவில்)

கோளாறு இல்லை. நீங்கள் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். இதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் பயன்படுத்துவது ஜெர்மன் ஈக்வடோரியல் மவுண்ட். ஜெர்மானியக் கண்ணாடி வல்லுநர் ஃபிரான்ஹோஃபர் 1824-இல் டோர்பாட் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) நகரத்துத் தொலைநோக்கிக்குச் செய்து கொடுத்த அமைப்பின் வழிவந்தது. அதன் முதன்மை அச்சு வான் துருவத்தை நோக்க வேண்டும். லண்டனில் அந்த அச்சு 51 பாகை நிமிர்ந்து நிற்கும். தொலைநோக்கியின் எடையைச் சமன்செய்யும் எதிர் எடைத் தண்டு முக்காலியை விட்டு வடக்கே நன்றாக விலகித் தொங்கும். நாகர்கோவிலில் அச்சு 8 பாகை, கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. எதிர் எடை ஏறக்குறைய நேர் கீழே, தூணை ஒட்டித் தொங்குகிறது.

என் முதல் ஆண்டில் நள்ளிரவு இரண்டு மணிக்கு மோட்டார் முனகும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். 5 கிலோ எடையின் விளிம்பு முக்காலிக் காலில் சாய்ந்திருந்தது. விரல் நக அளவுக்குப் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. அன்றைய படங்கள் முழுவதும் கோடுகள். மறுநாளே மவுண்டுக்கும் முக்காலிக்கும் நடுவே ஓர் உயர்த்தும் குழாய் வைத்தேன். தூண் கட்டுகிறவர்கள் மேல்பகுதியை ஒல்லியாகக் கட்டுங்கள். கான்கிரீட் போடுவதற்கு முன், மவுண்டைத் தற்காலிகமாக நிறுத்தி, கையால் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

வாங்கும்போதே அகலாங்கு (அட்சரேகை) வரம்பைப் படியுங்கள். சில மவுண்டுகள் 10 அல்லது 15 பாகைக்குக் கீழே இறங்காது. ஈக்யூ6-ஆர் 5 பாகை வரை இறங்கும். காவலூர் வானாய்வகத்தில் 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கும் இதே கவலை இருந்தது. அதற்குக் குதிரை லாட வடிவ மவுண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். தாழ்ந்த அகலாங்குக்குப் பொருத்தமானது, வட துருவப் பகுதியையும் எளிதாகப் பார்க்க விடுவது அது. நம் மாடிக்கு அது கட்டாது. ஆனால் இடத்துக்கேற்ற மவுண்ட் என்ற கணக்கு நமக்கும் பொருந்தும்.

துருவ நட்சத்திரம் பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் பின்னால் மறைகிறது. எப்படி அச்சைச் சரிசெய்வது? (மதுரை)

அது தெரியவே வேண்டாம். கேமராவையும் மவுண்டையும் இயக்கும் நினா (NINA) மென்பொருளில் மூன்று புள்ளி முறை இருக்கிறது. வானத்தின் திறந்த பகுதியில் மூன்று படங்கள் எடுத்தால், அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதுவே சொல்லும். திருகாணியைத் திருப்பிக்கொண்டே பிழை குறைவதைத் திரையில் பார்க்கலாம். ஒரு கலை, அதாவது 60 விகலை, அச்சு விலகினால் விண்மீன் நிமிடத்துக்கு அதிகபட்சம் கால் விகலை வழுகும். ஒரு கலைக்குள் வந்துவிட்டால் மீதியைக் கைடிங் பார்த்துக்கொள்ளும். நிலையான தூணில் இதை ஒருமுறை செய்து, மழைக்காலம் முடிந்ததும் சரிபார்த்தால் போதும்.

ஐயா, என்னிடம் கவட்டை மவுண்டோடு (குழாயை இரு கைகளுக்கு நடுவே பிடிக்கும் வகை) வந்த 8 அங்குல ஷ்மிட்-காஸ்கிரெய்ன் தொலைநோக்கி இருக்கிறது. அதிலேயே படமெடுக்கலாமா? (கோயம்புத்தூர்)

நிலவு, வியாழன், சனி என்றால் தாராளமாக எடுங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கு ஆகாது. அந்த மவுண்ட் மேல்-கீழ், இடம்-வலம் என்று துரத்துவதால் விண்மீன் நடுவில் நிற்கும். சுற்றியுள்ள வானம் சுழலும். தெற்கே 60 பாகை உயரத்தில் உங்கள் ஊரில் இந்தச் சுழற்சி மணிக்கு ஏறக்குறைய 30 பாகை. அடியில் சாய்வு வெட்ஜ் வைத்தால் சரியாகும் என்பார்கள். 11 பாகைக்குச் சாய்த்தால் கவட்டை கிட்டத்தட்டக் கிடையாகப் படுத்துவிடும், முழு எடையும் அந்தரத்தில் நிற்கும், காற்றடித்தால் ஆடும். குழாயை மட்டும் கழற்றி ஈக்வடோரியல் மவுண்டில் ஏற்றுங்கள்.

ஹார்மோனிக் மவுண்டா, பழைய வார்ம் கியரா? (சென்னை)

தினமும் தூக்கிக்கொண்டு ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போகிறவர் என்றால் ஹார்மோனிக், அதாவது வளையும் பல்சக்கரம் வைத்த இலேசான வகை. அந்த வகையைச் சேர்ந்த இசட்டபிள்யூஓ ஏஎம்5 (ZWO AM5) வெறும் 5 கிலோ. எதிர் எடை இல்லாமலே 13 கிலோ சுமக்கும். அகலாங்கு பூஜ்யத்திலிருந்து 90 வரை. எதிர் எடையே இல்லாதபோது நம் ஊரில் அது முக்காலியில் இடிக்கும் சிக்கலும் இல்லை. ஆனால் அதன் இயல்பான பிழை பெரியது, வேகமாகவும் மாறுவது. கைடிங் இல்லாமல் அது நடக்காது. கைடு கேமராவும் அரை நொடி, ஒரு நொடிக்கு ஒருமுறை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஈக்யூ6-ஆரின் வார்ம் (பல்சக்கரத்தைத் திருப்பும் திருகுத் தண்டு) எட்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று. பிழை மெதுவாக ஏறி இறங்குவதால் திருத்துவது எளிது. ஓரிடத்திலேயே நிற்கப்போகிற மவுண்டுக்கு எடை குறைவு ஒரு லாபமே அல்ல. நிலையான ஆய்வகத்துக்கு, நீண்ட குவியத் தொலைவுக்கு, நான் வார்ம் பக்கம்தான்.

என்கோடர் (அச்சு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் கருவி) உள்ள விலையுயர்ந்த மவுண்ட் தேவையா? (பெங்களூரு)

குவியத் தொலைவு 1500 மி.மீ.க்கு மேல் போகாதவரை தேவையில்லை.

மாடியில் தூணை எங்கே நிறுத்துவது? நடந்தாலே படம் அதிர்கிறது. (திருச்சி)

தளத்தின் நடுவில் வைத்திருப்பீர்கள். அங்கேதான் தளம் அதிகம் அதிரும். கட்டடத் தூணுக்கு நேர் மேலே வையுங்கள். பல வீடுகளில் அடுத்த மாடிக்கென்று விட்ட கம்பிகள் மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றோடு சேர்த்துக் கட்டினால் மிக நல்லது, கட்டடப் பொறியாளரிடம் ஒருமுறை காட்டிவிட்டுச் செய்யுங்கள். தட்டோட்டின் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் வரை இறங்க வேண்டும். நடக்கும் பலகைத் தளம் தூணைத் தொடக் கூடாது, சுற்றிலும் இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். இரும்புக் குழாய்த் தூண் என்றால் உள்ளே காய்ந்த மணலை நிரப்புங்கள், தட்டினால் மணி போல ஒலிக்காது. தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஓடும் நேரத்தையும் வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். என் படங்களில் நெடுநாள் இருந்த ஒரு நடுக்கத்துக்கு அதுதான் காரணம்.

மின்வெட்டு? (விருதுநகர்)

12 வோல்ட் லித்தியம் பேட்டரியிலேயே மவுண்டை ஓட்டுங்கள். மின்சாரம் பேட்டரிக்கு மட்டும் போகட்டும். இடி கேட்டால் எல்லா வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

தூண் எவ்வளவு உயரம் வேண்டும், அக்கம்பக்க வெளிச்சத்தை மறைக்கச் சுவரை உயர்த்தலாமா? (தூத்துக்குடி)

மற்ற மூன்று பக்கம் உயர்த்துங்கள், தெற்கை மட்டும் விட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் பெரும்பாலோருக்குக் கிடைக்காத வானம் அங்கே இருக்கிறது. ஒமேகா செண்டாரி என்ற விண்மீன் கொத்து உங்கள் ஊரில் 33, 34 பாகை வரை ஏறும். கரீனா நெபுலா 20 பாகையைத் தாண்டும். குழாயின் சுழல் மையம் தெற்குக் கைப்பிடிச் சுவரைவிட ஓரடி உயரமாக இருக்கும்படி தூணை நிறுத்தினால் இரண்டும் தடையின்றி அகப்படும். ஏப்ரல் கடைசியில் இரவு 11 மணி வாக்கில் ஒமேகா செண்டாரி நேர் தெற்கே நிற்கும். சுவர் வைப்பதற்கு முன் அந்த நேரத்தில் ஒருமுறை மாடியில் நின்று பார்த்துவிடுங்கள்.