ஊசியை இன்றும் போடுங்கள்

கேள்வி: என் 7 வயது மகளுக்குப் பிறந்ததிலிருந்தே, கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் மிகக் குறைவு. அவற்றைப் பெருக்கத் தினமும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடுகிறோம். இந்த வருட எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் புதிதாக ‘சிஎஸ்எஃப்3ஆர் மரபணு மாற்றம்’ என்று வந்திருக்கிறது. ரத்தப் புற்றுநோய் வரும் என்று இணையத்தில் படித்தேன். ஊசியை நிறுத்திவிட்டுப் பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா? பள்ளிக்கு அனுப்பலாமா? கால் வலி என்றும் சொல்கிறாள்.

பதில்: நிறுத்தவே கூடாது. பப்பாளி இலையை மரத்திலேயே விட்டுவிடுங்கள். டெங்குவில் தட்டணுவுக்கென்று ஆரம்பித்தது, இப்போது எந்த அணு குறைந்தாலும் அதையே அரைக்கிறார்கள்.

அந்த அறிக்கை ரத்தப் புற்றுநோய் என்று சொல்லவில்லை. சிஎஸ்எஃப்3ஆர் என்பது, செல்லில் ஜி-சிஎஸ்எஃப் வந்து ஒட்டும் ஏற்பியின் மரபணு. அந்த ஏற்பிக்கு செல்லுக்குள்ளே ஒரு வால் உண்டு. பெருகுவதை நிறுத்தி முதிரச் சொல்வது அந்த வால்தான். மரபணு மாறி அது அறுந்துபோனால், தொட்டி நிரம்பியும் நிற்காத மோட்டார் மாதிரி செல் பெருகிக்கொண்டே இருக்கும். இது மஜ்ஜையில் சில செல்களில் பின்னால் வந்த மாற்றம், உங்களிடமிருந்து போனதல்ல. சிலருக்கு வருடக்கணக்கில் சும்மா கிடக்கும், சிலருக்கு மறைந்தும் போகும். ஆபத்து கூடியிருப்பது உண்மைதான். அதற்காகத்தான் வருடாவருடம் மஜ்ஜை எடுக்கிறோம். 7ஆம் குரோமோசோம் ஒன்று காணாமல் போனாலோ, ரன்எக்ஸ்1 என்ற இன்னொரு மரபணுவும் மாறினாலோ, மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டார்கள். அந்த ஊசி வருவதற்கு முன்பும் இந்த நோயில் சிலருக்கு லுக்கீமியா வந்திருக்கிறது. அப்போது பெரும்பாலான குழந்தைகள் அதுவரைகூட இருக்கவில்லை, கிருமித்தொற்றிலேயே போய்விட்டார்கள்.

பள்ளிக்கு அனுப்புங்கள். ஊசி போட்டதும் எலும்பு வலிப்பது சகஜம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை: காய்ச்சல். 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருப்பது, போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கைக் கொடுப்பது, இரண்டும் வேண்டாம். சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்கள்தான். அவை இல்லாத குழந்தைக்குச் சீழ் கட்டாது, வீக்கமும் அதிகம் தெரியாது. தொண்டை பார்க்க நன்றாகவே இருக்கும், கிருமி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். டியூட்டி டாக்டரிடம் வாயைத் திறந்ததும் நியூட்ரோபில் குறைவு என்று சொல்லுங்கள், கடைசி ரத்த அறிக்கையை நீட்டுங்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏறிவிட வேண்டும். டோக்கன் வாங்கி வரிசையில் உட்காராதீர்கள்.