காதுக்குள் ஊசியா? சொட்டு மருந்து போதாதா?

கேள்வி: வயது 52, சர்க்கரை உண்டு. நான்கு நாள் முன்பு காலையில் எழுந்தபோது இடது காது கேட்கவில்லை. நரம்புப் பாதிப்பாம், செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசி போட வேண்டுமாம். பயமாக இருக்கிறது. முதலில் சொட்டு மருந்து போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். சொட்டு மருந்து செவிப்பறையோடு நின்றுவிடும். அது 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான் என்றாலும் வெளிப்பக்கம் தோல் மூடியிருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. உங்களுக்குப் பழுது அதையும் தாண்டி, கெட்டியான எலும்புக்குள் புதைந்திருக்கும் உள்காதில்.

மாத்திரை கொடுப்பதும் வழக்கமான சிகிச்சைதான். ஆனால் மூளைக்கு இருப்பதுபோல உள்காதின் ரத்தக் குழாய்களுக்கும் ஒரு தடுப்பு உண்டு. மருந்தில் கொஞ்சம்தான் கடக்கும். அந்தக் கொஞ்சத்துக்காக உடம்பு முழுக்க ஸ்டீராய்டு ஏற்றினால் உங்கள் சர்க்கரை எகிறிவிடும். டாக்டர் ஊசியைச் சொன்னது அதனால்தான் இருக்கும்.

ஊசி உள்காதைத் தொடாது. செவிப்பறையை மரத்துப்போக வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி மெல்லிய ஊசியால் சுமார் அரை மில்லி மருந்தை நடுக்காதில் நிரப்புவார்கள். அங்கிருந்து உள்காதுக்கு முக்கியமான வாசல் வட்டச் சாளரம். ஒரு சிறு குழிக்குள் ஒளிந்திருக்கும் அதை 0.07 மில்லிமீட்டர் சவ்வு மூடியிருக்கிறது. மருந்து அதில் ஊறித்தான் உள்ளே போக வேண்டும். சிலருக்கு அந்தக் குழியின் வாயையே இன்னொரு மெல்லிய திரை மறைத்திருக்கும். எல்லோருக்கும் ஒரே பலன் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் பங்கு. ஊசி போட்டதும் இடது காது மேலே இருக்கும்படி அரை மணி நேரம் படுத்திருங்கள். பேச வேண்டாம், எச்சில் விழுங்க வேண்டாம். ஒரு துணியில் துப்பிவிடுங்கள். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் திறந்து, மருந்து வடிந்துவிடும். தொண்டையில் கசந்தால் அப்படி வடிகிறது என்று அர்த்தம். மருந்து சில்லென்று இருந்தால் தலைசுற்றும்; அதனால் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் போடுவோம்.

உள்காதில் ஒலியை உணரும் பகுதியான நத்தைச் சுருள் இரண்டரைச் சுற்று. உள்ளே திரவம் ஏறக்குறைய அசையாமல் நிற்பதால் மருந்து நுனிவரை போவது கடினம். பல முறை ஊசி போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செவிப்பறையில் விழும் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அதுவரை காதில் தண்ணீர் படக்கூடாது. முதல் இரண்டு வாரம்தான் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு. நான்கு நாள் போய்விட்டது, நாளைக்கே போட்டுக்கொள்ளுங்கள்.