தொண்டையை மரக்கச் செய்ய எந்த மருந்து சிறந்தது?

லிடோகெய்ன், பென்சோகெய்ன், டெட்ராகெய்ன் ஆகிய மூன்றில் அறுவை சிகிச்சையின்போது தொண்டையை மரக்கச் செய்ய எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். விழித்திருக்கும்போதே மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தப்போவதாக உங்களிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மயக்கவியல் மருத்துவராகப் பணிபுரியும் என் விடை லிடோகெய்ன்தான். ஆனால் எந்த மருந்தானாலும் அது ஊறுவதற்கு நேரம் கொடுக்காவிட்டால் பயனில்லை.

பென்சோகெய்ன் ஒரு நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும் என்பது உண்மை. எனினும் அதன் பலன் விரைவில் தணிந்துவிடுகிறது. அரிதாகச் சிலருக்கு அது ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றி, உதடுகளை நீலம் பாரிக்கச் செய்துவிடும். டெட்ராகெய்ன் நெடுநேரம் நீடிக்கும். ஆனால் பாதுகாப்பான அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதில் நன்கு பழகிய மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. லிடோகெய்னும் அளவு மீறினால் காதில் இரைச்சலில் தொடங்கி வலிப்புவரை கொண்டுசெல்லும் என்பதால், 10 சதவீத ஸ்பிரேயில் ஒவ்வோர் அழுத்தமும் 10 மில்லிகிராம் என்று எண்ணிக்கொண்டே அடிப்பது என் வழக்கம்.

தாடை இறுகி, வாய் சற்றே திறக்கும் ஒருவருக்கு இப்படிக் குழாய் செலுத்தினேன். எச்சில் மருந்தை நீர்க்கச் செய்துவிடும் என்பதால் முதலில் கிளைகோபைரோலேட் ஊசி போட்டு வாயை உலரவைத்தேன். பின்னர் அடிநாக்கிலும் உள்நாக்கின் இருபுறமும் மருந்தை அடித்துவிட்டு, உறிஞ்சுகுழாயின் நுனியால் தொட்டுப் பார்த்தபோது அவர் குமட்டினார். மேலும் சிறிது அடித்துக் காத்திருந்தேன். அடுத்த முறை தொட்டபோது அவர் முகம் சுளிக்கவேயில்லை. குழாய் குரல்நாண்களைக் கடந்தபோது ஒரு சிறு இருமலோடு சரி. அந்தக் காத்திருப்பின்போது அறுவை மருத்துவர் "இன்னும் முடியவில்லையா?" என்று கடிகாரத்தைப் பார்த்துக் கேட்டது இன்றும் எனக்கு வருத்தம்தான். மரப்பதற்கு முன்பே குழாயை நுழைத்துவிட்டு, மருந்து சரியில்லை என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஆகவே மருந்தின் பெயரோடு, எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பதையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மரத்தபின் விழுங்க முடியாததுபோலவும் தொண்டை வீங்கிவிட்டதுபோலவும் தோன்றும்; அது மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்றாலும், மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் உடனே சைகை காட்டுங்கள். எல்லாம் முடிந்தபின், தொண்டையில் உணர்வு முழுமையாகத் திரும்பி மருத்துவர் அனுமதிக்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். மரத்த தொண்டையில் புரையேறுவது தெரியாமலேயே நீர் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.