ஐஸைப் பார்த்துக் காக்டெய்லை முடிவு செய்யுங்கள்

கேள்வி: மும்பை செம்பூரிலிருந்து நண்பர்கள் நான்கு பேர் செஷல்ஸ் போய், ஒரு வாரம் பாய்மரப் படகில் சுற்றப் போகிறோம். படகில் குட்டி ஃபிரிட்ஜ்தான். இதுவரை ஓல்ட் மாங்க்கும் கோலாவும்தான் பழக்கம். எந்த கிளாசிக் ரம் காக்டெய்ல்களை நாங்களே கலக்கலாம்?

பதில்: மொஹிட்டோவை மறந்துவிடுங்கள். அந்த வெயிலில் புதினா சீக்கிரமே கறுத்துவிடும், சோடா பாட்டில்கள் ஃபிரிட்ஜை அடைத்துக்கொள்ளும். பினா கொலாடாவுக்கு மிக்ஸியும் நிறைய ஐஸும் வேண்டும். அதுவும் வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றது பெயின்கில்லர். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில், யோஸ்ட் வான் டைக் தீவின் சாகி டாலர் பாரில் 1970களில் பிறந்த சரக்கு. அங்கே படகுத்துறை கிடையாது. படகுக்காரர்கள் நீந்திக் கரையேறி, நனைந்த டாலர் நோட்டை நீட்டுவார்களாம், சாகி டாலர் என்ற பெயரே அதனால்தான். ஆளுக்கு டார்க் ரம் 60 மி.லி., அதாவது ஒரு லார்ஜ். அன்னாசிச் சாறு 120, ஆரஞ்சுச் சாறு 30, இனிப்புத் தேங்காய் கிரீம் 30. கிரீம் கிடைக்காவிட்டால் என்ன, கெட்டித் தேங்காய்ப்பாலில் சர்க்கரையைத் தாராளமாகக் கரையுங்கள். டப்பாப் பால் என்றால் நன்றாகக் குலுக்கிவிட்டுத் திறக்க வேண்டும், கொழுப்பு மேலே கட்டியாக நிற்கும். எல்லாவற்றையும் கொஞ்சம் ஐஸோடு மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் ஷேக்கரே தேவையில்லை. மேலே ஜாதிக்காயைத் துருவாமல் குடிக்காதீர்கள். பொடி வேண்டாம், முழுக்காயாக வாங்குங்கள். ஓல்ட் மாங்க்கின் வெனிலா வாசம் இதற்குப் பிரமாதமாகப் பொருந்தும். செஷல்ஸின் மாஹே தீவில் வடிக்கும் டகமாகா ரம்மும் அங்கேயே கிடைக்கும்.

அடுத்து டக்கிரி. கியூபாவில் சாந்தியாகோ பக்கத்துச் சரக்கு. ஒயிட் ரம் 60, எலுமிச்சைச் சாறு 30, சர்க்கரைப் பாகு 20. ஐஸோடு குலுக்கும்போது கரைகிற தண்ணீரும் இதில் ஒரு சேர்மானம்தான். முன்கூட்டியே கலந்து ஃபிரிட்ஜில் வைப்பதானால் ஆளுக்கு 30 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் தொண்டை எரியும். ரம்மையும் பாகையும் முதல் நாளே கலக்கலாம். எலுமிச்சையை மட்டும் அன்றன்றைக்குப் பிழியுங்கள்.

ஐஸ் தீர்ந்துபோன நாளைக்கு கிராக் (grog), அதாவது தண்ணீர் கலந்த ரம், இருக்கிறது. 1740-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி வெர்னன், மாலுமிகளுக்கு ரம்மை அப்படியே கொடுக்காமல், ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் ஊற்றிக் கொடுக்க உத்தரவிட்டார். கடற்படையில் ரம் கொடுக்கும் வழக்கம் 1970 ஜூலை 31 வரை ஓடியது! உங்களுக்கு இரண்டு பங்கு தண்ணீர் போதும். அரை மூடி எலுமிச்சை, ஒரு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை. ஐஸ் இல்லாத குறையே தெரியாது.

பெர்முடாவின் டார்க் அண்ட் ஸ்டார்மி ரொம்பச் சுலபம்: ஜிஞ்சர் பீர் (இஞ்சிக் காரமுள்ள சோடா பானம்) மேல் டார்க் ரம்மை மெதுவாக ஊற்றுங்கள், அவ்வளவுதான். ஜிஞ்சர் ஏல் அதற்கு ஈடாகாது, காரம் போதாது.

எல்லாமே நங்கூரம் போட்ட பிறகுதான், சரியா? அப்புறம், குடித்துவிட்டுக் கடலில் இறங்க வேண்டாம். கண்ணாடி கிளாஸும் கூடாது. தளத்தில் வெறுங்காலோடு நடப்பீர்கள், எவர்சில்வர் டம்ளர் எடுத்துப் போங்கள்.