ஏற்காட்டுல லைவ் கட் ஆச்சுன்னு கேமராமேன் காசை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார், நான் சேலம் கன்னங்குறிச்சி, ஃப்ரீலான்ஸா ஈவென்ட்டுக்கு கேமரா ஓட்டறேன். போன மே மாசம் ஏற்காட்டுல ஒரு ரிசார்ட் கல்யாணத்துக்கு பெங்களூர் ஈவென்ட் கம்பெனி ஒண்ணு கூப்பிட்டாங்க. கேமரா, லென்ஸ் எல்லாம் என்னோடது. ரெண்டு நாளைக்கு மொத்தம் 28,000 பேசி, அட்வான்ஸ் 5,000 ஜிபேல போட்டாங்க. முகூர்த்த நேரத்துல யூட்யூப் லைவ் பத்து நிமிஷம் கட் ஆயிடுச்சு, அதைச் சொல்லி மிச்சம் 23,000 தர மாட்டேங்கறாங்க. அக்ரிமென்ட் எதுவும் எழுதல. தாலி கட்டுனது என் கேமரா மெமரி கார்டுல முழுசா இருக்கு, இப்ப அதைக் கேக்கறாங்க. காசு வர்ற வரைக்கும் கார்டை பிடிச்சு வச்சுக்கலாமா? பொண்ணோட அண்ணன் வேற தினமும் போன் பண்றாரு, பதில் சொல்ல முடியல.

பதில்: தம்பி, முதல்ல அந்த கார்டை தனியா எடுத்து பீரோவுல வைங்க. ஃபார்மேட் பண்ணிடாதீங்க, அடுத்த ஃபங்ஷனுக்கும் அதையே போட்டு எடுத்துட்டு போகாதீங்க. அதை வச்சு காசு வாங்கலாம்னு நீங்க நினைக்கிறீங்க, ஆனா அது பிடிச்சு வைக்கற பொருள் இல்ல, உங்க பக்கத்து முதல் சாட்சியே அதுதான்.

ஏன்னு சொல்றேன். லைவ் கட் ஆனதுக்கு நீங்கதான் காரணம்ங்கறது அவங்க வாதம். உங்க கேமராவுல இருந்து எஸ்டிஐ கேபிள், அதான் வீடியோ கேபிள், போய் எல்லா கேமராவும் வந்து சேர்ற ஸ்விட்சர்ல சொருகியிருக்கும், உங்க வேலை அந்த எடத்தோட முடிஞ்சுது. அதுக்கு அப்புறம் வீடியோவை நெட்டுக்கு மாத்தி அனுப்பற என்கோடர், மோடம், சிம், நெட் எல்லாம் அவங்க ஏற்பாடு. மே மாசம் ஏற்காடு எப்படி இருக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லவா வேணும், சீசன் கூட்டம், கோடை விழா கூட்டம், இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேல போனா போன்ல ஒரு கோடு ரெண்டு கோடுதான் காட்டும், அங்க ஒரே நெட்டை நம்பி லைவ் போட்டது யாரு முடிவு? லைவ் நின்ன அதே பத்து நிமிஷம் உங்க கார்டுல டைம்கோடு, அதான் படத்தோட பதிவாகற நேரக் கணக்கு, அறுபடாம ஓடியிருக்குன்னா கேமரா ஒழுங்கா ஓடுச்சுங்கறதுக்கு அதைவிட என்ன வேணும். அந்த நேரத்துல ஹெட்செட்ல டைரக்டர் "நெட் போச்சு"ன்னு ஏதாவது கத்தியிருந்தா பக்கத்துல நின்ன கேமராமேன் யாராச்சும் கேட்டிருப்பாங்க, இப்பவே அவங்ககிட்ட பேசி வைங்க, நாளாக நாளாக யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அக்ரிமென்ட் இல்லைன்னு நீங்க எழுதியிருக்கறதை நான் ஒத்துக்கல. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் நம்ம சட்டத்துல ஒப்பந்தம்தான், அதை நிரூபிக்கறதுலதான் சிரமமே. உங்ககிட்ட 28,000 ரேட்டுக்கு "ஓகே கன்ஃபர்ம்"னு வந்த வாட்ஸ்அப் இருக்கும், லொகேஷன் அனுப்பியிருப்பாங்க, காலைல எத்தனை மணிக்கு வரணும்னு கால் ஷீட் வந்திருக்கும், அட்வான்ஸ் ஜிபே இருக்கு. "பார்ட்டி செட்டில் பண்ணதும் போட்டுடறேன் ப்ரோ"ன்னு ஒரு மெசேஜ் இருந்தா அது தங்கம், பாக்கி இருக்குன்னு அவங்களே சொன்னதா ஆயிடுது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வச்சுட்டு போனை மாத்திடாதீங்க, ஒரிஜினல் சாட் அதே போன்ல இருக்கணும். 2024 ஜூலைல இருந்து அமல்ல இருக்கற பாரதிய சாட்சிய சட்டம் 63வது பிரிவுப்படி இந்த மாதிரி மின்னணு சாட்சிக்கு ஒரு சான்றிதழ் தாக்கல் பண்ணணும், அதுல நீங்க கையெழுத்து போடற பகுதி ஒண்ணு, நிபுணர் போடற பகுதி ஒண்ணு. உங்க வக்கீல் பாத்துக்குவாரு, போன் மட்டும் பத்திரம்.

சரி, கார்டை தராம இருக்கலாமா? கார்டு உங்க சொத்து, உண்மை. ஆனா அதுல இருக்கற படத்து மேல காப்பிரைட் உங்களுக்குன்னு சொல்றது கஷ்டம். 1957 காப்பிரைட் சட்டம் 17வது பிரிவுல, காசு பேசி ஒருத்தர் கேட்டு எடுத்துக் கொடுத்த போட்டோ, படத்துக்கு வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல கேட்டவர்தான் முதல் உரிமையாளர்னு இருக்கு. அதனால கோபத்துல நீங்க அதை அழிச்சாலோ யூட்யூப்ல போட்டாலோ இன்னைக்கு உங்க பக்கம் இருக்கற நியாயம் அன்னைக்கு அவங்க பக்கம் போயிடும், உங்க மேல நஷ்டஈடு கேஸே போடுவாங்க. என் அபிப்பிராயம், காப்பி ஒண்ணு எடுத்து கம்பெனிக்கு அனுப்பிடுங்க, "இத்தனை ஃபைல், இத்தனை ஜிபி, இன்ன தேதி அனுப்பினேன், பாக்கி 23,000 அனுப்புங்க"ன்னு வாட்ஸ்அப்லயும் மெயில்லயும் எழுதுங்க. பிடி விட்டுப் போச்சேன்னு தோணும். ஆனா ஒரிஜினல் உங்ககிட்டதான இருக்கு, அதோட "ஃபுட்டேஜ் தரல, அதான் காசு தரல"ன்னு அவங்க சொல்றதுக்கு இனி எடமே இல்ல.

அடுத்தது வக்கீல் நோட்டீஸ், 15 நாள் டைம் கொடுத்து தபால்ல ஒப்புகையோட. கம்பெனி பெங்களூர்னு பயப்படாதீங்க, வேலை நடந்தது ஏற்காட்டுல, அதனால உரிமையியல் நடைமுறைச் சட்டம் 20வது பிரிவுப்படி சேலம் மாவட்டத்துலயே வழக்கு போடலாம், அங்க அலைய வேண்டியதில்ல. கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டுல 3 சதவீதம், உங்களுக்கு 690 ரூபாய் வரும். வேலை முடிஞ்ச நாள்ல இருந்து மூணு வருஷத்துக்குள்ள போட்டுடணும், அதுக்கு மேல போனா கதை முடிஞ்சுது. ஆனா இந்த தொகைக்கு நான் நேரா கேஸ் போடச் சொல்ல மாட்டேன். அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, அங்க வழக்குக்கு முந்தின மனு கொடுங்க, கட்டணம் கிடையாது, கம்பெனிக்காரங்களை கூப்பிட்டு பேசுவாங்க. அங்க நடக்கற லோக் அதாலத்ல, அதான் மக்கள் நீதிமன்றத்துல, சமரசம் ஆனா அது கோர்ட் தீர்ப்பு மாதிரியே, அப்பீலும் இல்ல. அவங்க வரலைன்னாதான் கேஸ்.

போலீசுக்கு போனா சிவில் மேட்டர்னு திருப்பி அனுப்பிடுவாங்க, பெரும்பாலும் அது சரியும்கூட, ஆரம்பத்துலயே ஏமாத்தற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டினாதான் மோசடி. செக் தர்றேன்னு சொன்னா வாங்கிக்கங்க. பவுன்ஸ் ஆனா பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அது அவங்க கைக்குப் போய் 15 நாள்ல பணம் வரலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள செக் பவுன்ஸுக்கான 138வது பிரிவு கேஸ்.

இன்னொண்ணு, அடுத்த வேலைக்கு முன்னாடி உத்யம், அதான் மத்திய அரசோட சிறு தொழில் பதிவு, பண்ணிடுங்க, ஆன்லைன்ல இலவசம். 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி சிறு தொழில் செய்யறவங்களுக்கு அதிகபட்சம் 45 நாள்ல பணம் வரணும், தாண்டினா ரிசர்வ் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி. இந்த பழைய பாக்கிக்கு அதை நம்ப வேண்டாம், வேலைக்கு அப்புறம் பண்ண பதிவுன்னு எதிர்த்தரப்பு பிடிச்சுக்கும்.

அந்த அண்ணன் போனை எடுங்க தம்பி. அவங்க கம்பெனிக்கு காசு கொடுத்தவங்க, உங்ககிட்ட கடன்பட்டவங்க இல்ல, அதனால அவர்கிட்ட பணம் கேக்காதீங்க. "தாலி கட்டுனது முழுசா பத்திரமா இருக்குங்கண்ணா, இன்ன தேதி கம்பெனிக்கு அனுப்பிட்டேன், அவங்ககிட்ட கேளுங்க"ன்னு சொல்லிட்டு அதையே அவர் நம்பருக்கு மெசேஜாவும் போட்டு வைங்க.