தூண்டில் நரம்பை வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டுமா?

ரீலில் இருக்கும் நரம்பு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வருடம் ஒன்று ஆனால் மாற்றிவிடச் சொல்கிறார்கள், தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விடுமுறையில் மட்டும் தூண்டில் போடப் போகிறவர், ரீலில் சுற்றியிருப்பது சாதாரண மோனோ, அதாவது ஒற்றை இழை நரம்பு, என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இந்த வருடக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. இப்படிச் சொல்வதால் எனக்குக் கஞ்சன் என்று பெயர். கஞ்சனாக இருந்தால் ஒவ்வொரு முறையும் முனையில் இரண்டு மூன்று மீட்டரை வெட்டிக் கழிப்பேனா? கல், சிப்பி, மீனின் பல் எல்லாம் உரசுவது அங்கேதான். கட்டைவிரல் நகத்தில் அழுத்தி மெல்ல இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அதற்கு மேலே வெட்டிவிட்டு முள்ளை மறுபடி கட்ட வேண்டியதுதான்.

என் மச்சான் ஒருவன் இருக்கிறான். கொஞ்சம் பெரிய மீன் மாட்டினாலே அவனுக்கு நரம்பு அறுந்துபோகும். வேறு கம்பெனி வாங்கினான், தடிமனைக் கூட்டினான், அப்படியும் அறுந்தது. "புது நரம்பு மாமா, போன வாரம்தான் சுத்துனேன், இப்ப வர்றதெல்லாம் தரமே இல்லை" என்று ஒரே புலம்பல். அறுந்த முனையைக் கொண்டுவரச் சொன்னேன். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது என்று அர்த்தம். இவனுடையது சுருளவில்லை. அறுந்த இடத்துக்கு மேலேயும் நெடுக ஒரு பக்கமாகச் சீவியதுபோல் இருந்தது. அப்போதே ராடுதான் குற்றவாளி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் பஞ்சை எடுத்து, ராடில் நரம்பு நுழைந்து ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றினேன். நுனி வளையத்தில் இழை மாட்டிக்கொண்டது. உள்ளே இருக்கும் பீங்கானில் மயிரிழை விரிசல், வெறும் கண்ணுக்குத் தெரியாது. நுனி வளையத்தை மட்டும் மாற்றினோம், அதே நரம்பு இப்போதும் ஓடுகிறது. பஞ்சு வித்தையைத் தானே கண்டுபிடித்ததாக அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது தனிக் கதை. அன்றைக்கு இரவல் வாங்கிய என் தலைவிளக்கும் இன்னும் வீடு திரும்பவில்லை. கேட்டால், "உங்ககிட்டதானே குடுத்தேன் மாமா" என்கிறான்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? மோனோ என்பது நைலான். தண்ணீரை உறிஞ்சும், நனைந்தால் கொஞ்சம் பலம் குறையும், ஆனால் அது காய்ந்தால் திரும்பிவிடும். திரும்பாதது வெயில் செய்யும் சேதம். நிறம் மங்கி, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, கையால் இழுத்து நீட்டினாலும் சுருள் போகவில்லை என்றால் கழற்றிவிடுங்கள். அது ஆறு மாதத்திலும் வரலாம், இருட்டான அலமாரியில் வைத்திருந்தால் பல வருடம் வராமலும் இருக்கலாம். கார் டிக்கியில் போட்டு வைப்பவர்கள் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

அதிலும் முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. ரீலின் அடிச்சுற்றுகள் வெளிச்சத்தையே பார்த்திருக்காது. மேலே உள்ளதை, நீங்கள் வீசும் தூரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு மட்டும் வெட்டிவிட்டுப் புதியதை முடிந்து சுற்றினால் போதும். நீண்ட ஓட்டம் ஓடும் பெரிய கடல் மீனைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கனம் ஆகாது. அந்த இணைப்பு முடிச்சு வரை மீன் இழுத்துவிடும். அவர்கள் முழுவதையும், அதுவும் அடிக்கடி, மாற்றட்டும்.

பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு என்றால் சாயம் போனதற்காகப் பயப்படாதீர்கள். சாயம் மேல்பூச்சுதான். பஞ்சு பஞ்சாக இழை பிரிவதுதான் ஆபத்து. மேல்பகுதி அப்படித் தேய ஆரம்பித்தால் இன்னொரு ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றுங்கள், அடியில் கிடந்த புதிய பக்கம் மேலே வந்துவிடும். ஃப்ளூரோகார்பன் என்று இன்னொரு வகை ஒற்றை இழை நரம்பு உண்டு, அது தண்ணீரையும் குடிக்காது, வெயிலுக்கும் அவ்வளவாக அசையாது. அதில் கீறலையும் மடிப்பையும் பார்த்தால் போதும்.

எதுவானாலும் முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். நைலான் 220 டிகிரிக்கு அருகில் உருகும், பிரெய்டின் பாலிஎத்திலீன் 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். காய்ந்த முடிச்சை வெடுக்கென்று இழுத்தால் அந்த உரசல் சூடே நரம்பைக் கெடுக்கும். பழைய நரம்பின்மேல் விழும் பழியில் பாதி இப்படிக் கட்டிய முடிச்சால் வந்தது என்பது என் கட்சி.

உப்புத் தண்ணீரில் போட்டால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். அப்புறம், வெட்டிய துண்டுகளைக் கரையில் விடாதீர்கள். பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். நான் ஒரு பழைய டப்பாவில் சேர்த்து வந்து, பொடிப்பொடியாக நறுக்கிக் குப்பையில் போடுகிறேன். அதற்கும் சிரிக்கிறார்கள், சிரிக்கிறவர்கள் விட்டுப்போனதையும் சேர்த்து நான்தான் பொறுக்குகிறேன்.