பச்சை விளக்கு எரிந்தால் பேட்டரி நிறைந்துவிட்டதா?

கேள்வி: மூன்று வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்து கார் சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்ற சத்தம்தான் வருகிறது. 45 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரி, வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 4 ஆம்பியர் சார்ஜர் வாங்கி வைத்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றாமலே சார்ஜ் போடலாமா? எவ்வளவு நேரம் போட வேண்டும்? ராத்திரி முழுக்க விடலாமா?

பதில்: கழற்ற வேண்டாம், அப்படியே போடலாம். ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பழைய கணக்கு; உங்கள் 4 ஆம்பியர் அதற்குச் சரியாக வருகிறது. சீக்கிரம் முடியட்டும் என்று பெரிய சார்ஜரைப் பூட்டினால் பேட்டரி சூடாவதுதான் மிச்சம்.

முதலில் பேட்டரியை ஒரு பார்வை பாருங்கள். பக்கச் சுவர் உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு ஆசிட் கசிந்திருந்தாலோ, குளிரில் உறைந்திருந்தாலோ சார்ஜரைக் கிட்டேயே கொண்டு போகாதீர்கள். மேலே ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) என்று எழுதியிருந்தால் சார்ஜரிலும் அதே மோடு. லித்தியம் என்றால் இந்தச் சார்ஜர் ஆகாது. சார்ஜரில் 6 வோல்ட், 12 வோல்ட் என்று சுவிட்ச் இருந்தால் அது 12-ல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாட்டும் வரிசை. சார்ஜர் பிளக் சுவரில் இருக்கக் கூடாது. சிவப்பு கிளிப் முதலில், பேட்டரியின் பிளஸ் டெர்மினலில். கருப்பு கிளிப்பை மைனஸ் டெர்மினலில் மாட்டாமல், சற்றுத் தள்ளி இன்ஜினிலோ பாடியிலோ பெயின்ட் இல்லாத கனமான இரும்பில் மாட்டுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பிளக். எடுக்கும்போது அப்படியே தலைகீழ்: பிளக், கருப்பு, சிவப்பு.

ஏன் இந்தக் கெடுபிடி? சார்ஜ் ஏறும்போது, முக்கியமாகக் கடைசிக் கட்டத்தில், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது. காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜரின் கிளிப்பைப் பிடுங்கினால் பொறி பறப்பது பேட்டரியின் தலைமேலேயே. ஒருமுறை அவசரத்தில் நானும் அப்படிப் பிடுங்கியிருக்கிறேன். 'டப்' என்ற சத்தத்தோடு ஒரு மூடி எகிறியது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது, சட்டையில் மறுநாள் பொத்தல்கள். அதனால் பானட்டைத் திறந்தே வையுங்கள், கராஜ் கதவையும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? கிளிப் இறுக்கமாகக் கவ்வியது போலத்தான் தெரியும், ஆனால் பற்கள் உட்கார்ந்திருப்பது அந்தப் பொடியின் மேல். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு வரும், ஈயம் பளபளப்பாகத் தெரியும்வரை விடாதீர்கள். அந்தத் தண்ணீர் மட்டும் பேட்டரிக்குள் போய்விடக் கூடாது.

இப்போது நேரம். பாதி காலியான 45 ஏ.எச். பேட்டரிக்கு 22 ஏ.எச். திருப்பித் தர வேண்டும். 4 ஆம்பியரில் ஐந்தரை மணி நேரம் என்று கணக்கு சொல்லும். நிஜத்தில் கடைசியில் கரன்ட் குறைந்து குறைந்துதான் ஏறும், எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அடியோடு காலி என்றால் 13, 14 மணி நேரம்கூட ஆகலாம்.

ராத்திரி விடலாமா என்பது சார்ஜரைப் பொறுத்தது. ஆட்டோமேட்டிக் என்றால் 14.4 வோல்ட் வாக்கில் ஏற்றிவிட்டு, நிறைந்ததும் 13.5 பக்கம் தானாக இறங்கிவிடும். காற்றோட்டமான இடத்தில் தாராளமாக விடலாம். பழைய கனத்த டிரான்ஸ்ஃபார்மர் வகைக்கு நிறுத்தத் தெரியாது. 15 வோல்ட்டைத் தாண்டியும் தள்ளிக்கொண்டே இருக்கும், உள்ளே தண்ணீர் வாயுவாகப் பிரிந்து குமிழ் விடும். அதைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். எந்தச் சார்ஜரானாலும் பேட்டரியைத் தொட்டால் கை சுடுகிறது என்றால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

பச்சை விளக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. காலிப் பேட்டரியில் பத்தே நிமிடத்தில் பச்சை எரிந்தால், கிளிப் சரியாகப் பதியவில்லை, அல்லது தகடுகளில் சல்ஃபேட் படிந்து பேட்டரி கரன்ட்டை வாங்க மறுக்கிறது. சார்ஜர் ஆரம்பிக்கவே இல்லையா? பேட்டரி வோல்ட்டேஜ் அது அடையாளம் காணும் அளவுக்கும் கீழே போயிருக்கலாம். பேட்டரி கடையில் காட்டுவதே நல்லது.

நிறைந்ததா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். சார்ஜரைக் கழற்றியதுமே அளந்தால் 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். மைனஸ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் காலையில் அளங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான். முழுதாக ஏற்றியும், கேபிள் கழன்றிருந்தும் ஒரே இரவில் 12.4-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் பேட்டரி மேல் எனக்குப் பெரிய சந்தேகமில்லை. நிறுத்தி வைத்த வண்டியிலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் என்று 50 மில்லி ஆம்பியர் வரை போய்க்கொண்டிருப்பது சகஜம். ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச்., 21 நாளில் 25 ஏ.எச். அங்கேயே பாதிக்கு மேல் காலி! அடுத்த முறை இவ்வளவு நாள் போவதாக இருந்தால் மைனஸ் கேபிளைக் கழற்றிவிட்டுப் போங்கள். ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டென்றால், கழற்றுவதற்கு முன் அதைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.